பக்கவாட்டு வெளிச்சம்

நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்தால் யாருமே அழகாக இருக்க மாட்டார்கள் மேடம். நெற்றி எண்ணெய் வழிந்த மாதிரி மினுங்கும், மூக்கு சப்பையாகும். கல்யாண வீடுகளில் அப்படி எடுத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அளவில்லை.

மேடு பள்ளம் தெரிய வேண்டுமென்றால் நிழல் விழ வேண்டும். அதற்கு வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். நேர் ஃபிளாஷ் நிழலையெல்லாம் துடைத்துவிடும். லேசான சிவப்பையும் வெளுக்கடித்துவிடும். அடிபட்ட உடம்புகளை உங்கள் ஸ்டேஷனுக்காகப் பல வருஷமாகப் படமெடுக்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

என் மருமகள் புகார் கொடுக்க வந்த அன்று நீங்கள் என்னை விலகியிருக்கச் சொன்னீர்கள். "இவர் உன் புருஷனோட அப்பா. வேற ஆளைக் கூப்பிடுறேம்மா" என்றீர்கள். நியாயமான பேச்சு. அவள்தான் கேட்கவில்லை. "தெரியாத ஆள்கிட்ட கழுத்தைக் காட்டக் கூச்சமா இருக்கு மேடம். மாமாவே எடுக்கட்டும், எனக்கு அப்பா மாதிரி" என்றாள்.

பின்னறையில், ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். காலரை அவளே விலக்கினாள். என் மகனின் விரல்கள் அவள் தொண்டையில் வரிசையாகத் தடித்திருந்தன. ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

ஃபிளாஷ் போட்டுச் சில, போடாமல் சில என்று எடுக்க வேண்டும். போட்டவற்றை நேராக அடித்தேன். போடாமல் எடுக்கும்போது, அரையிருட்டில் ஷட்டர் மெதுவாகத்தான் மூடும். கை அசைந்தால் படம் கலங்கிவிடும். என் கை கொஞ்ச காலமாகவே நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைச் சமாளிக்கத்தான் ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸ் வாங்கினேன். அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் அணைத்தேன்.

என் கையை அவள் பார்த்துவிட்டாள். "தண்ணி குடிச்சுட்டு நிதானமா எடுங்க மாமா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

டாக்டர் பார்ப்பதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. உங்கள் மேலதிகாரி கையில் இருந்தது படங்கள்தான்: பாதி கலங்கல், மீதி வெள்ளை. "ஒண்ணுமே இல்லையே, சமாதானம் பேசி அனுப்புங்க" என்றார். அவளை நானே வண்டியில் மகன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். "இனிமே கை நீட்டினே, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று மகனைக் கண்டித்தேன். தகப்பன் கடமை முடிந்ததென்று அன்று வயிறாரச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

இப்போது இந்த மேஜையில் நீங்கள் பரப்பியிருக்கும் படங்களை எடுத்தவர் தொழில் தெரிந்தவர். பக்கவாட்டில் விளக்கு வைத்திருக்கிறார். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிகிறது. அவள் கண்களை மட்டும் யாராவது மூடிவிட்டிருக்கலாம்.

கழுத்தை நெரித்தது என் மகன். தப்பித்து வந்தவளைத் திரும்ப அவன் கையில் பிடித்துக் கொடுத்தது நான். சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று எடுத்து முடித்ததும் அவள் எழுந்து வந்து கேமராவை எட்டிப் பார்த்தாள். நான் அதை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"எல்லாம் தெரியுதா மாமா?"

"தெளிவா தெரியுதும்மா" என்றேன்.

"அது போதும் மாமா" என்று சொல்லிவிட்டு, வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.