பச்சை நூல் கட்டிய பன்னிரண்டு துண்டுகள்

எங்கள் கடையில் கிறிஸ்மஸ் கேக்குக்கான பழத்தை மார்ச் மாதமே பிரண்டி மதுவில் ஊறப்போட்டுவிடுவோம். இன்று மார்ச் பதினொன்று. அதனால்தான் இன்று வந்தேன். வேறு அவசரம் எதுவும் இல்லை.

என்னை விசாரிக்கும் பொலிஸ் அதிகாரி ஸ்டெபனி, ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் வரும். நான்கு வருடம் உயிரிரசாயனம் படித்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் இதை பேபி அன்ரி வாசிக்க வேண்டும். அவருக்குத் தமிழ்தான் வசதி. வாயால் சொல்லச் சொன்னார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். தாளும் பேனையும் தந்து, கதவை மூடிவிட்டுப் போனார்கள். அது பெரிய உதவி.

பேபி அன்ரியின் பேக்கரி மல்வேர்ன் பகுதியில், ஒரு பிளாசாக் கடைத்தொகுதியில், சலவைக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பஸ் வருமுன் றோல்ஸும் பணிஸும் வாங்குவார்கள். நான் பத்தொன்பது வயதில் பகுதிநேர வேலைக்கு வந்தேன். முதல் நாள் என்னை முன்பக்கம் நிறுத்தினார்கள். ஒருவர் வந்து இரண்டு மீன் பணிஸ் கேட்டார். எனக்கு விலை தெரியும். ஆனால் குரல் வரவில்லை. அன்ரி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சை நில்லு பிள்ளை. மாவுக்குக் காது இல்லை. நீ கதைச்சாலும் ஒண்டுதான், கதைக்காட்டிலும் ஒண்டுதான்."

எட்டு வருடம் அங்கேயே நின்றேன். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆய்வுகூடங்களில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். முதலாவதில் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். யதுஷா என்று பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டாவதில் கட்டட வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அடுத்த நாள் அன்ரி வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளிவைத்தார். அந்த அறைக்கு யன்னல் இல்லை. நான்கு சுவர், இரண்டு அடுப்பு, ஒரு நீள மேசை. அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கடையின் பெயர் கேக்கில்தான் தங்கியிருக்கிறது. டிசெம்பரில் ஆயிரத்துக்கு மேல் துண்டு போகும். கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவர்கள் மட்டுமல்ல, எங்கள் சைவ வீடுகளிலும் அயலுக்கும் வேலையிடத்துக்கும் கொடுக்க வாங்குவார்கள். மாவுக்குப் பதில் ரவை. பழம், இஞ்சி, பூசணி இனிப்பு, ரோஸ் வோட்டர். பிறகு கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, நிறைய, நன்றாக அரைத்தது. கேக் உதிராமல் ஈரமாக இருப்பது அந்தக் கஜுவின் எண்ணெயால்தான். துண்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்றி, சிவப்பு நூலால் கட்டுவோம்.

நிலாணி அன்ரியின் தம்பி மகள். யூனியன்வில்லில் வளர்ந்தவள். இருபத்தைந்து வயது. கேக் செய்யும் படிப்பைக் கல்லூரியில் முறையாகப் படித்தவள். அவளைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் பிறந்தநாளை அவள் எப்படியோ கண்டுபிடித்து, பெயர் தைத்த ஏப்ரன் ஒன்று கொண்டுவந்து தந்தாள். அவளுக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது. இரண்டு வயதில் ஒரு துண்டு வாயில் வைத்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவசர ஊசியைப் பையில் கொண்டுதான் திரிவாள். கடைக்கு வந்தால் ஒன்றும் சாப்பிடமாட்டாள். சொந்த மாமியின் கேக்கை அவள் ஒருநாளும் தின்றதில்லை.

ஒக்டோபரில் அன்ரி கடையை அவளிடம் ஒப்படைக்க முடிவு செய்தார். முழங்கால் ஏலாது என்றார். நிலாணி ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

"இந்தச் சுவரை உடைச்சுக் கண்ணாடி போடுவம். ஆக்கள் உள்ளுக்கை பாக்கவேணும். யது அக்கா, இவ்வளவு நாளும் நீங்கள் ஒரு கோஸ்ட் மாதிரி. இனி யூ ஆர் த ஸ்டார், ஓகே?"

"கண்ணாடிக்குப் பின்னால விட்டா மீன் மாதிரியெல்லோ நிப்பாள்," என்றார் அன்ரி.

"மாமி! க்யூட்டான மீன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கஜுவையும் நிறுத்தப்போவதாகச் சொன்னாள். ஜனவரியிலிருந்து கடைக்குள் கொட்டை வகை எதுவும் வராது. அப்போதுதான் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கலாம். அவளும் பயமில்லாமல் வேலை செய்யலாம். அது நியாயமான காரணம் என்பதை நான் அன்றே ஒத்துக்கொண்டேன்.

ஆனால் கஜு இல்லாத கேக் அன்ரியின் கேக் இல்லை. முப்பது வருடமாக அன்ரி கட்டியெழுப்பிய ஒன்று ஒரு மாதத்தில் இல்லாமல் போகப்போகிறது என்பதுதான் என் கவலை. என்னைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கண்ணாடியைப் பற்றியும் யோசிக்கவில்லை. அது எட்டடி அகலம், ஐந்தேகால் அடி உயரம். என் மேசைக்கு நேர் எதிரே வரும்.

அன்று வீட்டுக்குப் போய்க் கலண்டரைப் பார்த்தேன்.

அன்ரி ஒவ்வொரு வருடமும் பிள்ளையார் கதை விரதம் பிடிப்பவர். இருபத்தொரு நாள். இடது மணிக்கட்டில் இருபத்தொரு இழை நூல் கட்டியிருப்பார். பகல் முழுவதும் ஒன்றும் சாப்பிடமாட்டார். இரவில் ஒரு நேரம், மரக்கறிச் சாப்பாடு. கேக்கில் இருக்கும் முட்டை வாயில் படக்கூடாது. விரதம் தொடங்கும் நாள் பூரணையைப் பொறுத்து மாறும். முந்திய சில வருடங்களில் கிறிஸ்மஸுக்கு நன்றாக முன்பே முடிந்துவிட்டது. அதனால் கேக்கை எப்போதும் அன்ரியே ருசி பார்ப்பார். ரோஸ் வோட்டர் ஒரு தேக்கரண்டி கூடினாலும் அவருடைய நாக்கு சொல்லிவிடும். ஆனால் இந்தத் தடவை விரதம் டிசெம்பர் ஐந்தில் தொடங்கி, கிறிஸ்மஸ் அன்றுதான் முடியும் என்று இருந்தது.

இதை அன்ரியும் கவனித்திருந்தார்.

"இந்த முறை உன்ர நாக்குத்தான் என்ர நாக்கு, பிள்ளை. பிழைச்சுதெண்டா ரெண்டு பேருக்கும் மானம் போகும்."

ஓம், சரி என்றேன். பிறகு எட்டு வருடத்தில் முதல் தடவையாக நானாக ஒரு யோசனை சொன்னேன். கஜுவுக்குப் பதில் பூசணி விதை அரைத்துப்போட்டு, நிலாணிக்கென்று புறம்பாக ஒரு சின்னக் கேக் சுடட்டுமா என்று கேட்டேன். அன்ரியின் கண் கலங்கிவிட்டது. "என்ர குஞ்சு, இவ்வளவு நாளும் இது எனக்குத் தோணேல்லையே," என்றார். அவளுடைய துண்டுகளுக்கு மட்டும் பச்சை நூல் கட்டுவது என்று அவரே முடிவு செய்தார்.

பூசணி விதைக் கேக்கை நான் சுட்டேன். புதுத் தட்டு, புது அகப்பை, கழுவிய மேசை. அன்ரி பக்கத்தில் நின்று பார்த்தார். நன்றாக வந்தது. கஜுக் கேக்கின் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருந்திருக்கும். கருஞ்சீனியைக் கூட்டி அதைச் சரிசெய்திருந்தேன். தின்றால் வித்தியாசம் தெரியும், ஆனால் கஜுவின் ருசி தெரிந்தவர்களுக்குத்தான். நிலாணிக்கு அந்த ருசி தெரியாது.

டிசெம்பர் இருபத்திநான்கு மத்தியானம் துண்டுகளை வெட்டினேன். நிலாணிக்கென்று சுட்ட பன்னிரண்டு துண்டுகளை மற்றவற்றோடு வைத்தேன். கஜுக் கேக்கிலிருந்து பன்னிரண்டு துண்டுகளைச் சின்னத் தட்டில் வைத்தேன். இரண்டு தட்டையும் அன்ரியிடம் கொண்டுபோனேன்.

"இது எல்லாருக்கும். இது நிலாணிக்கு."

தெளிவாகத்தான் சொன்னேன். அன்ரி முக்காலியில் இருந்து எண்ணெய்த்தாளில் சுற்றி, நூல் கட்டத் தொடங்கினார். அது விரதத்தின் இருபதாவது நாள். கை கொஞ்சம் நடுங்கியது. பச்சை முடிச்சுகளை மட்டும் இரண்டு தடவை போட்டார்.

நிலாணி மூன்றரை மணிக்கு வந்தாள். ஜனவரி இரண்டாம் திகதி கடை அவள் பெயருக்கு மாறும், சுவர் உடைக்க ஆறாம் திகதி ஆள் வரும் என்றாள். யூனியன்வில்லுக்குப் போகவேண்டிய பெட்டிகளைக் காரில் ஏற்றுவதற்கு அவளிடம் திறப்புச் சாவி வாங்கினேன். அவளுடைய பை அடுப்புக்குப் பக்கத்தில் கொழுவியில் தொங்கியது. ஊசி மருந்துக்குச் சூடு கூடாது. பையையும் எடுத்துக் காரின் பின்பக்கத்தில், பெட்டிகளுக்குக் கீழே வைத்தேன். வெளியே குளிர் மைனஸ் பதினான்கு.

இருபத்திநான்காம் திகதி கடை பூட்டும்போது அன்ரி தன் கையால் எல்லோருக்கும் ஒரு பொதி கொடுப்பார். எங்கள் ஆட்கள் கேக்கை வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள், அல்லது வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதனால் அன்ரிக்கு ஒரு பிடிவாதம். அன்று கொடுக்கும் துண்டை அவருக்கு முன்னால் தின்ன வேண்டும். முன்பக்கத்தில் நின்ற பிள்ளை தன்னுடையதைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அன்ரி பச்சை நூல் பொதி ஒன்றை எடுத்தார்.

"இந்தா மோளே. பிறந்து இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு மாமியின்ர கேக்."

நிலாணி நூலை அவிழ்த்து அதைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். தின்றாள். கண்ணை மூடினாள்.

"மாமி, ஓ மை கோட். இதையா இவ்வளவு நாளும் எனக்குத் தராமல் வைச்சிருந்தனீங்கள்?"

"யது சுட்டது. அவளுக்குச் சொல்லு."

நிலாணி என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு இரண்டாவது பொதியையும் எடுத்தாள்.

சில நிமிடங்களில் உதடு வீங்கியது. பை எங்கே என்று கேட்டாள். காரில் வைத்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வாறன் என்றேன். கார் பிளாசாவின் மற்றப் பக்கத்தில் நின்றது. போக நூற்று நாற்பது அடி, வர நூற்று நாற்பது. பனி வழுக்கும் என்பதால் ஓடவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்துத்தான் பையை எடுத்தேன், கேக் நொருங்கிவிடும் என்று. திரும்பி வந்தபோது அன்ரி நிலத்தில் இருந்து அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தார். போனில் இங்கிலிஷ் வராமல் முகவரியைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வாங்கி நான் பேசினேன். அன்று எனக்குக் குரல் வந்தது. ஊசியையும் நான்தான் போட்டேன், சரியான முறையில். மருந்து குளிரில் இருந்ததாலோ, நேரம் போய்விட்டதாலோ, அது வேலை செய்யவில்லை.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் விடியற்காலை நிலாணி ஆஸ்பத்திரியில் இறந்தாள். அன்ரி விரதம் முடித்துப் பாறணைச் சாப்பாடு சாப்பிட வேண்டிய நேரம் அது.

அதிகாரிகள் பொதிகளைக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். சிவப்பு நூல் கட்டிய பன்னிரண்டில் பூசணி விதை இருந்தது. பச்சை நூல் கட்டியவற்றில் கஜு இருந்தது. மாறிக் கட்டுப்பட்டிருக்கிறது, வேறு எப்படிப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். அவர்கள் கேட்கும் முன்பே அன்ரி, "நான்தான் மாறிக் கட்டிப்போட்டன்," என்று சொல்லிவிட்டார். என்னிடம் கேட்டபோது, அன்ரி இருபது நாளாய் விரதம், கை நடுங்கினது என்றேன். அது உண்மை. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

நான் நினைத்தது அதோடு சரி. ஜனவரியில் கடை திறக்கும், சுவர் இருக்கும், அன்ரி முன்பக்கம், நான் பின்பக்கம். அப்படி நடக்கவில்லை. அன்ரி கையில் கட்டிய விரத நூலை இன்னும் அறுக்கவில்லை. இன்றுவரை இரவில் ஒரு நேரம்தான் சாப்பிடுகிறார். தம்பி வீட்டில் இருந்து யாரும் வருவதில்லை. நான் தினமும் போய்க் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். போன கிழமை சொன்னார்:

"கடையை ஆருக்காவது குடுத்திடப்போறன் பிள்ளை. இந்தக் கையால இனி ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கமாட்டன்."

"உங்களிலை பிழை இல்லை, அன்ரி."

"நீ நல்ல பிள்ளை. அதுதான் அப்பிடிச் சொல்லுறாய்."

அவர் ஒரு தவறான எண்ணத்தில் முடிவெடுக்கிறார். அதைத் திருத்த வேண்டியது என் கடமை. வேறு ஒருவர் வாங்கினால் அந்தச் சுவரை என்ன செய்வார்கள் என்றும் தெரியாது.

ஆகவே, அன்ரி, கவனமாக வாசியுங்கள். நீங்கள் ஒன்றையும் மாறிக் கட்டவில்லை. நான் தந்த தட்டுக்கு, நான் சொன்ன நூலைத்தான் கட்டினீர்கள். துண்டுகளை மாற்றி வைத்தது நான். பையை எடுத்து ஒளித்தது நான். மெதுவாக நடந்தது நான். நிலாணியைக் கொன்றது நான். ஒக்டோபரிலேயே தீர்மானித்துவிட்டேன். உங்கள் கையில் ஒரு பிழையும் இல்லை.

கொஞ்ச நாள் உங்களுக்குக் கோபம் இருக்கும். அது இயல்பு. பிறகு நிம்மதி வரும். இங்கே எவ்வளவு காலம் என்று ஸ்டெபனி இன்னும் சொல்லவில்லை. நானாக வந்து சொன்னதை அவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

பழம் ஊறப்போடும் பெரிய போத்தல்கள் கழுவித் துடைத்துக் கீழ்த்தட்டில் கவிழ்த்திருக்கின்றன. உலர்ந்த பிளம்ஸை இந்தக் கிழமையே போட்டுவிடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை போத்தலைத் திருப்பிவைக்க வேண்டும். என் ஏப்ரன் கொழுவியில் இருக்கிறது, அதை எடுக்க வேண்டாம். கஜு மட்டும் இப்போது வாங்கவேண்டாம், கனநாள் வைத்தால் எண்ணெய் மணம் வந்துவிடும். அதை நவம்பரில் நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.