பதினேழாம் குழி

ஏணியிலை இப்ப ஏறாதையும் தம்பி, ஓடு சுடும். உந்தக் கதிரையிலை இருந்து முதல் தேத்தண்ணியைக் குடியும். டிஷ் எங்கையும் ஓடிப்போகாது.

ஓம், உமக்குப் போன் அடிப்பிச்சது எங்கடை மனுசன்தான். முன்வீட்டுப் பிரசாந்தியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவளும் மறுக்கேலாமல் அடிச்சிட்டாள். அவருக்கு வலக்கையும் காலும்தான் விழுந்தது, வாய் விழேல்லை. நாளைக்கு ரீவியிலை கோல்ஃப் தொடங்குதாம். அதுக்கிடையிலை டிஷ் வேலைசெய்யவேணுமாம்.

சிரியும், பரவாயில்லை. நீர்வேலியிலை வாழைக்கு வாய்க்காலிலை தண்ணி மாறின மனுசனுக்கு என்ன கோல்ஃப் எண்டு அயலுக்கை எல்லாரும் சிரிச்சவைதான். அவர் முதலிலை புல்லைத்தான் பாத்தவர். ஒரு பொத்தி, ஒரு குலை தள்ளாத புல்லுக்கு இவ்வளவு தண்ணியோ எண்டு நாலு நாள் புறுபுறுத்தவர். பிறகுதான் ஆட்டத்திலை பிடிச்சது.

பெரிய வித்தை ஒண்டுமில்லை. பந்தைத் தடியாலை அடிச்சுக் குழியிலை விழுத்தவேணும். பதினெட்டுக் குழி. ஆகக் குறைய அடிச்சவன் வெண்டவன். அதிலை வெள்ளைத் தொப்பி போட்ட ஒருத்தன், அவன்தான் சம்பியன். முகத்திலை ஒண்டும் தெரியாது. வெண்டாலும் தொப்பியை ஒருக்காத் தொட்டிட்டு நடப்பான். இவருக்கு அவனைக் கண்ணிலை காட்டேலாது. சிவப்புச் சேட்டுக்காரன் ஒருத்தன்ரை பக்கம் இவர். இண்டைக்குச் சிவப்பன் விடான், இருந்து பாரும் எண்டு எனக்குச் சொல்லுவார்.

பதினாறாம் குழி மட்டும் ரெண்டுபேரும் சரிக்குச் சரி. பதினேழிலை வெள்ளைத் தொப்பிக்காரன்ரை பந்து மணல் கிடங்குக்குள்ளை விழும். இவர் இடக்கையாலை கட்டில் சட்டத்திலை தட்டுவார். அவன் ஆறுதலா இறங்கி ஒரே அடி. பந்து எழும்பிப் போய்க் குழிக்குப் பக்கத்திலை நிக்கும். அவ்வளவுதான். உவனை ஒருத்தராலும் வெல்லேலாது எண்டிட்டு இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார்.

எந்த ஆட்டத்திலையோ? எல்லாத்திலையும் அப்பிடித்தான். அது ஒரே ஆட்டம், தம்பி. போன ஆடியிலை நடந்தது, அண்டைக்குக் கரண்ட் நிண்டு அவர் முடிவு பாக்கேல்லை. பென் றைவிலை இருக்கு, கிழமையிலை ரெண்டுதரம் ரீவியிலை குத்திவிடுறன். கார்த்திகையிலை பாரிசவாதம் வந்தாப் பிறகு, அவருக்குப் பழசெல்லாம் நிக்குது, முந்தநாள் பாத்தது நிக்கிறேல்லை. ஒவ்வொருக்காலும் புதுசா நம்பி, புதுசாத் தோப்பார்.

அந்தக் கிடங்கிலை அடிச்ச கையோடை ஒரு பொடியன் பச்சைச் சேட்டோடை இறங்குவான். சீப்பு மாதிரிப் பல்லு வைச்ச நீளத்தடி ஒண்டாலை மணலைச் சரிப்படுத்திப்போட்டு, பின்பக்கமா நடந்து ஏறுவான், தன்ரை காலடியையும் அழிச்சு அழிச்சு. ஒன்பது செக்கன் வருவான். எங்கடை கீர்த்திகன். ஒரே மகன். ஸ்கொட்லாந்திலை அந்த மைதானத்திலைதான் அவனுக்கு வேலை. மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவன்ரை வேலையைப் பாரும் எண்டு அவர் ஒவ்வொருக்காலும் சொல்லுவார்.

டிஷ்ஷிலை பழுதில்லை. வயரைக் கழட்டினது நான்தான். இந்தமுறையும் அதே மைதானம், அதே கிடங்கு. ஆடி மூண்டாம் கிழமை எண்டது அவருக்கு மறக்கேல்லை. நீர் ஏறி நாலு தட்டுத் தட்டும், அவருக்குச் சத்தம் கேக்கட்டும். பிறகு உள்ளை வந்து, சாமான் கொழும்பிலையிருந்து வரவேணும், ஒரு மாசம் செல்லும் எண்டு சொல்லும். ஒரு மாசத்திலை மறந்திடுவார்.

ஏனோ? நீர் வேறை ஊர், உமக்குத் தெரியாது. நாளைக்கு அந்தக் கிடங்கிலை வேறை ஆரோதான் இறங்குவினம். தை மாசம் கீர்த்திகன் வேலைக்குப் போகேக்கை, றோட்டிலை பனி, வான் பிரண்டது. அவனை அங்கையே எரிச்சாச்சு. போனிலை காட்டினவை, வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை நிண்டு பாத்தனான். இவருக்குச் சொல்லவேண்டாம், இன்னொருக்கா வாதம் வந்தால் தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். துக்கம் காக்கிற அந்த முப்பத்தொரு நாளும் நான் இந்த வீட்டிலை மீன் சமைச்சனான், தம்பி. சைவமாக்கினால் ஆர் செத்தது எண்டு கேப்பாரே. அவருக்கு மீனைத் தீத்திப்போட்டு, குசினிக்குள்ளை இருந்து வெறுஞ்சோறு சாப்பிட்டனான். அந்தியேட்டிக் கிரியை செய்யக் கீரிமலைக்குப் போகேக்கை, பல்லுப் பிடுங்கப் போறன் எண்டனான். வந்தாப் பிறகு, நல்லா நொந்ததோ எண்டு கேட்டவர். ஓம் எண்டனான்.

வெயில் தணிஞ்சிட்டுது. இனி ஏறும்.