நீல விளக்கறை

கொத்தமல்லி முளைக்க மற்ற கீரைகளைவிட நாளாகும், மேடம். அந்தப் பொறுமை எனக்கு உண்டு. சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டியிருக்கிறோம். உள்ளே விளக்கு வெளிச்சத்திலேயே கீரை வளரும். என் மகள் அனு விதைப்பாள். நான் தண்ணீர் தெளிப்பேன். விளைந்த கீரை கோவளம் ஓட்டல்களுக்குப் போகும். அவள் அம்மா இறந்த பிறகு எங்களுக்கு வேலை, பேச்சு எல்லாமே அந்த அறைதான்.

அனு தாவரவியல் படித்தவள். ஒருமுறை நாற்றுத் தட்டின் ஒரு பக்கம் சிவப்பு விளக்கும் மறுபக்கம் நீல விளக்கும் வைத்தாள். மறுநாள் அத்தனை தண்டும் நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

“சிவப்பு எவ்ளோ போட்டாலும் வளையாதுப்பா. நீலம் துளி இருந்தாலும் அதுக்குத் தெரிஞ்சிடும். இலையில கண்ணுக்குத் தெரியாத வாய் கீது. நீல லைட் பட்டா தொறந்துக்கும். அப்ப கேஸ் விட்டா நல்லா இழுக்கும்.”

கேஸ் என்றால் கரியமில வாயு. சிலிண்டர் அறைக்கு வெளியே இருக்கும். “அத்த விடும்போது உள்ள ஆள் இருக்கக் கூடாதுப்பா, மூச்சு அடைச்சிடும்” என்றும் சொல்லியிருந்தாள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

அவளுக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. இதே நீல வெளிச்சத்தைப் பற்றித்தான். “நாலு வருசந்தாம்பா” என்றாள். நான் சண்டை போடவில்லை. பெட்டி வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

கிளம்ப வேண்டிய அன்று காலை, நாற்றுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். வாயுவைத் திறந்தேன். மயங்கி விழுந்தால் விமானத்தைத் தவறவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“அப்பா, மூச்சு முட்டுது. கதவு மாட்டிகினு கீது, தொறப்பா.”

நான்தான் பூட்டினேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்தால் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கையை எடுத்துவிட்டேன். தட்டுவது நின்ற பிறகுதான் திறந்தேன்.

அவள் உதடு நீலமாக இருந்தது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்து வெளியே தூக்கி வந்தேன். வெயிலிலும் அப்படியே இருந்தது.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைச் செங்கல்பட்டுப் பிணவறையில் வைத்திருக்கிறார்களாம். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், மேடம். தனியாக இருந்து பழக்கமில்லாத பிள்ளை.