சத்து மாத்திரைதானே

நீங்கள் உட்காரச் சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நின்றபடியே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வீட்டில் இருக்கும் நாளிலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் அவர் கால் துறுதுறுக்கும், நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவேன். சர்க்கரை வந்து சில வருஷமான பிறகும் மனுஷர் அடங்கவில்லை. "வேற ஊர்ல கம்பெனி வண்டி ஓட்டப் போறேன். தனியாத்தான் போறேன். நீ உங்கண்ணன் வீட்டுல இருந்துக்கோ" என்றார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அந்தக் கம்பெனிக்குப் புது வண்டி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம், அதுவரை இங்கேதானாம்.

அந்த வாரம்தான் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். "இந்தச் சர்க்கரை மாத்திரைய வருஷக்கணக்காப் போட்டா, சாப்பாட்டுல இருக்கிற பி12 சத்து உடம்புல ஒட்டாதும்மா. இவருக்கு ஏற்கெனவே குறைஞ்சிருக்கு. நரம்பு கெட்டுடும், ஞாபகமும் தப்பும். அதுக்குத்தான் இந்தச் சிவப்பு மாத்திரை, விட்டுடாதீங்க." நான் எதையும் ஒரு தடவை கேட்டால் போதும்.

சர்க்கரை மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. நானே தண்ணீரோடு கையில் கொடுப்பேன். சிவப்பு மாத்திரையை மட்டும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, சத்து மாத்திரைதானே, யார் பெரிதாக நினைக்கிறார்கள். குப்பையில் போட மனம் வராமல் நானே விழுங்கினேன். "என்ன அண்ணி, மூஞ்சி பளபளங்குது" என்று நாத்தனார்கூடக் கிண்டல் செய்தாள்.

முதலில் பாதம் மரத்தது. பிரேக்கில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். "சர்க்கரைன்னா கால் மரத்துப் போகத்தான் செய்யும்" என்று வந்தவர் போனவரெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். முதலாளி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு சுவரைப் பிடித்து நடந்தார், அப்புறம் அதுவும் நின்றது. ஒரு நாள் என்னையே வெறித்துப் பார்த்து, "நான் எங்கயோ போகணும்னு இருந்தேன்ல?" என்று கேட்டார்.

"எங்கயும் இல்லைங்க" என்றேன். சரியென்று படுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, மேடம்.

நாத்தனார்தான் வேறு டாக்டரிடம் காட்டிக் காரியத்தைக் கெடுத்தாள். சிவப்பு மாத்திரை அவர் உடம்புக்குள் போகவே இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. மாதாமாதம் அந்தச் சிவப்பு மாத்திரையை வாங்கியது நான்தான் என்று மருந்துக் கடைக்காரரும் சொல்லிவிட்டார். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். இப்போது ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்களாம். கால் ஓரளவு தேறுமாம், ஞாபகமும் திரும்பலாமாம். நல்லதுதான். எழுந்து நடந்தால் முதலில் என்னைத் தேடித்தான் வருவார்.