பனிக்கரடிக்குப் பணியாத மியாலியா அவர்களுக்கு

கல்லைத் தொட்டால் கடல்நாயையும் சிரிக்கவைக்கும் கலையரசியே! உறைபனியிலும் உறையாத உள்ளமே! மை படிந்த விரலாலேயே மீனை அறுத்துண்ணும் மாண்பே! எங்கள் குடாவின் கல்லச்சுக் கூடத்தைக் கட்டியாண்டு இன்று ஓய்வுபெறும் தலைவியே! என் அருமை மகளே, வணக்கம்!

உங்கள் வயதில் பாதிகூட ஆகாத நான் உங்களை மகளே என்று விளிப்பது தெற்கிலிருந்து வந்துள்ள விருந்தினர்க்கு விளங்காமல் இருக்கலாம். உங்கள் தந்தையார் பிலிப்பூசி மறைந்த சில நாளில் பிறந்ததால் அவர் பெயரை எனக்கு இட்டார்கள். பெயரோடு உறவும் சேர்ந்தே வரும் என்பது நம் மரபு. நான் தவழும்போதே நீங்கள் என்னை அப்பா என்றீர்கள். கல்லில் செதுக்கிய படத்துக்கு மை பூசித் தாளில் ஒற்றியெடுக்கும் இந்தக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகோ, "அப்பா, மை பூசச் சொன்னா சுவருக்கு வெள்ளையடிக்கிறீங்களே, கண்ணு எங்க இருக்கு?" என்று அந்த உறவை நாள்தோறும் போற்றி வந்தீர்கள். பெற்ற மகளிடம் இவ்வளவு ஏச்சு வாங்கிய தந்தை இந்தக் கரையில் வேறில்லை.

தேநீர் ஆறுவதற்குள் ஒரு கல்லைச் செதுக்கிவிடுவீர்கள் என்று எழுதச் சொன்னார்கள் தோழர்கள். அது பொய். தேநீரை நீங்கள் ஆறவிட்டதே இல்லை.

ஆயினும் சென்ற ஆண்டின் வீரத்தைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் பாழ். பழுதான இயந்திரப் பனிவண்டியின் மேல் உட்கார்ந்து உங்கள் தந்தையார் அதைத் திட்டுவதாக ஒரு படம் செதுக்கினீர்கள். தெற்கு வியாபாரி ஹார்கிரேவ் அதைக் கண்டதும் முகம் சுளித்தார். இது வடக்கு மக்களின் கலையே அல்ல, வண்டியை எடுத்துவிட்டு நாய்களைப் போடுங்கள், பனிக்கரடி இருந்தால் இன்னும் நன்று, இல்லையேல் அவ்வாண்டுப் படங்களில் ஒன்றையும் வாங்கமாட்டேன் என்றார். விமானத் திடலிலிருந்து அவரை ஏற்றி வந்ததே உங்கள் பனிவண்டிதான். ஊர்க் கலைஞர் அத்தனை பேரின் ஓராண்டு உழைப்பும் மேசைமேல் கிடந்தது.

நீங்கள் பதறவில்லை. படம் அப்பாவுடையது, மாற்றுவதென்றால் அவரைத்தான் கேட்கவேண்டும் என்றீர்கள். அவர் இறந்துவிட்டாரே என்று வியாபாரி விழிக்க, மை உருளையும் கையுமாக நின்ற என்னைச் சுட்டினீர்கள். உருளையைக் கீழே வைத்தேன். தந்தையாயிற்றே! "நான் வேட்டைக்குப் போனதெல்லாம் இந்த வண்டியிலதாங்க. நாய்ங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது" என்றேன்.

"கேட்டீங்கல்ல? அப்பா மாட்டேங்கிறாரு" என்று சொல்லி, கரடிப் படங்கள் உட்பட எல்லாவற்றையும் நீங்கள் சுருட்டத் தொடங்கினீர்கள். கரடிகளைப் பிரிய மனமில்லாத ஹார்கிரேவ், பெருமூச்சு விட்டு உங்கள் அப்பாவையும் சேர்த்தே வாங்கிப் போனார். நாம் யார் என்று நாமே சொல்லலாம் என்பதை அன்றுதான் நாங்கள் முழுதாக நம்பினோம், தாயே!

குறித்த எண்ணிக்கையில் பிரதிகள் எடுத்து முடிந்ததும், மேலும் அச்சிட முடியாதபடி கல்லைத் தேய்த்து அழித்துவிடுவது நம் கூடத்து வழக்கம். அந்தக் கல்லின்முன் உங்கள் கை நின்றுவிட்டது. நான் வாங்கித் தேய்த்தேன். தந்தையாரின் முகம் மெல்ல மறைந்தது. நீங்கள் அழுதீர்கள், நாங்களும் அழுதோம். போய்விட்டாரே என்று யாரோ முனகினார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "எங்க போனாரு? இந்தா நிக்கிறாரே, கையெல்லாம் தூசியா. அப்பா, போய் டீ போடுங்க."

மகளே! மூட்டுவலி உங்களை மறக்கட்டும், மீன்கள் உங்கள் வலையை மறவாதிருக்கட்டும், பல்லாண்டு நலமாக இருங்கள். இத்தனை நாள் இங்கே தேடிவந்து அப்பாவைத் திட்டினீர்கள். நாளை முதல் திட்டு வாங்க அப்பாவே வீட்டுக்கு வருவேன்.

இங்ஙனம்,
கல்லச்சுக் கூடத்தார் அனைவரும்
எழுதி வாசிப்பவன்: பிலிப்பூசி