அழிந்த கோடுகள் பற்றி ஞானகுமாரி சொன்னது

என் பெயர் ஞானகுமாரி, வயது 46. கணவர் பெயர் அருள்தாஸ், அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்தவர். பட்டாபிராமில் ரயில் நிலையத்துக்குத் தெற்கே உள்ள காலனியில் வசிக்கிறோம். நான் பி.காம். படித்துவிட்டு வேலப்பன்சாவடியில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். என் மீது என் கணவரின் அக்கா மகன் பெனிட்டோ கொடுத்த புகாரைப் படித்துக் காட்டி விசாரித்ததில் நான் கூறுவதாவது:

இன்று காலை ஐந்தரை மணிக்கு எழுந்ததும் நான் முதலில் செய்தது, தூங்கிக்கொண்டிருந்த என் கணவரின் சட்டையை விலக்கி நெஞ்சில் உள்ள கோடுகளைப் பார்த்ததுதான். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய், மூன்றாம் கட்டம். அறுவை சிகிச்சைக்கு வழி இல்லாததால் வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சும் செவ்வாய்தோறும் கீமோவும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். முப்பது நாள் கதிர்வீச்சில் நேற்றோடு பத்தொன்பது முடிந்தது. கதிர் படவேண்டிய இடத்துக்காக மையால் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீரோ எண்ணெயோ படக்கூடாது, அழிந்தால் மறுபடி ஸ்கேன் எடுத்துத்தான் போட முடியும், நடுவில் நாள் விட்டால் நல்லதல்ல என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் பார்ப்பேன். இன்று கோடுகள் இல்லை. தோல் தேய்ந்து சிவந்து, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது.

நேற்று மாலை நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது என் கணவரின் அக்கா, பெனிட்டோவின் தாயார் அன்னம்மாள் (நான் அண்ணி என்று கூப்பிடுபவர்) வந்து, ஜெபக் கூட்டத்தில் ஜெபித்த எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். பாட்டில் மேசை மேலேயே இருந்தது. நான் என் கணவரை எழுப்பிக் கேட்கவில்லை. அதன் பிறகு ஆறரை மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாக வந்த அண்ணியை நிறுத்திக் கேட்டேன். நெற்றியில் மட்டும்தான் வைத்தேன் என்றார். நான் நம்பவில்லை.

"என் தம்பி நெஞ்சு இன்னா, நீ கோலம் போட்டு வச்ச வாசலா? யாரு மிதிச்சான்னு வந்து கேக்கற" என்றார்.

எதிர் வீட்டு ஸ்வீட்லின் சிரித்தது எனக்குக் கேட்டது. அதன் பிறகு அண்ணி, "ரெண்டு மருந்தையும் ஒண்ணா ஏத்தி அவன எலும்பாக்கிக்கினு கீற. அவன ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்றார். நான் அவரைத் தோளில் கை வைத்துத் தள்ளினேன். அவர் கேட் படியில் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. அவர் கத்தவில்லை, பால் கொட்டிவிட்டதே என்று மட்டும் சொன்னார். அவர் தானாக விழவில்லை, நான் தள்ளித்தான் விழுந்தார்.

அதன் பிறகு பெனிட்டோ வந்து அவரை ஆட்டோவில் ஆவடி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நான் உள்ளே போனபோது என் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதிர்வீச்சால் உணவுக்குழாய் புண்ணாகி, பத்து நாளாக எச்சில் விழுங்குவதற்கும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

"அக்காவ ஏன் தள்ளுன? நான்தான் அழிச்சேன். அது வச்சிட்டுப் போன எண்ணெயத் தொட்டுத் துண்டால தேச்சேன். கோடு இல்லன்னா ரெண்டு நாளு உடுவாங்கள்ல, ஞானம். ரெண்டு நாளு சோறு துன்னலாம்னு பாத்தேன்" என்றார்.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். இன்று கதிர்வீச்சு கிடையாது, நாளை காலை ஸ்கேனுக்கு வாருங்கள் என்றார்கள். பத்து மணிக்குக் காவலர் வந்து என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்தான் பலன் அதிகம், ஆனால் இவருக்குத் தாங்கவில்லை என்றால் மீதிக் கீமோவை நிறுத்திவிட்டுக் கதிர்வீச்சை மட்டும் முடிக்கலாம், பலன் குறையலாம், அவரையும் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் கேட்கவில்லை. வேறு வழியே இல்லை என்று மருத்துவர் சொன்னதாக என் கணவரிடம் சொன்னேன். குறையலாம் என்ற சொல்லை என்னால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

நாளை மருத்துவர் அறைக்குள் அவரையும் அழைத்துப் போய், நான் பொய் சொன்னதை இருவர் முன்னாலும் சொல்லப் போகிறேன். கோடு மறுபடி போடுவதா, கீமோ தொடர்வதா என்று அவரே சொல்லட்டும். எதுவுமே வேண்டாம் என்று அவர் சொன்னாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன். இதை இன்னும் அவரிடமும் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நான் சொன்னபடியே எழுதியிருப்பதை நானே படித்துப் பார்த்தேன். யாரும் கட்டாயப்படுத்தாமல் சொன்னது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) அ. ஞானகுமாரி

என் முன்பாக,
பெண் உதவி ஆய்வாளர்