ஓசிப் பாஸில் ஒரு பயணம்

— இல்லங்க, அவரை எழுப்பக் கூடாது. ராத்திரியெல்லாம் அனலாக் காய்ச்சல். பக்கத்துப் பண்ணைக்காரங்க தூக்கிட்டு வந்துதான் இந்த ரயில் பெட்டியில படுக்க வெச்சாங்க.

— பாருங்க ஹல்டாம்மா, நான் ரயில்வே கம்பெனி ஆளு, பிங்க்லி. உங்க வீட்டுக்காரர் ஆர்வில் சட்டசபை மெம்பர். ரெண்டு வார்த்தை பேசணும், அவ்வளவுதான்.

— என்கிட்ட பேசுங்க. முதல்ல இதைச் சொல்லுங்க. வண்டி ஏன் இந்தப் பொட்டல்ல நின்னு போச்சு? சுத்தியும் பனியைத் தவிர ஒண்ணுமில்ல.

— எஞ்சின்ல ஏதோ கோளாறாம்.

— கோளாறா? டிரைவர் கீழ இறங்கி நின்னு ஹாயா சுருட்டு பிடிச்சிட்டிருக்காரே!

— சரிம்மா, நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு. இன்னைக்கு மத்தியானம் தலைநகரம் லிங்கன்ல சரக்குக் கட்டண மசோதாவுக்கு ஓட்டெடுப்பு. உங்க வீட்டுக்காரரோட ஒரு ஓட்டு போய்ச் சேர்ந்தா நாங்க ரயில் கட்டணத்தைக் குறைச்சே ஆகணும்னு சட்டம் வந்துடும்.

— அதனால வண்டியை மறிச்சுட்டீங்க.

— மறிக்கல, நிறுத்தி வெச்சிருக்கோம். எங்க எஞ்சின், எங்க தண்டவாளம். சட்டசபை உங்களோடதா இருக்கட்டும், அங்க போற வழி எங்களோடது.

— அவருக்கு ஓட்டுப் போட்ட சனங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?

— நன்றின்னு ஒண்ணு வேண்டாமா? மெம்பருக்கெல்லாம் ஓசிப் பாஸ் கொடுத்திருக்கோம். காலையில நீங்க காட்டினதும் எங்க பாஸ்தான். எங்க ஆளு அதைப் பார்த்த உடனே எனக்குத் தந்தி அடிச்சுட்டான். அடுத்த ஸ்டேஷன்ல நானும் ஏறிட்டேன்.

— ஓகோ, பாஸைப் பார்த்துதான் ஆளைக் கணக்குப் பண்றீங்களா?

— பின்ன? ஓசி வண்டியை விட்டுட்டு இந்தப் பனியில எவனாவது ரோட்டுல போவானா?

— ஐயா, இந்தக் குளிருக்கு எங்க வீட்டு அடுப்புல எரிஞ்சது என்ன தெரியுமா? சோளம். நாங்க விதைச்சு, நாங்க அறுத்த சோளம். சிகாகோவுக்கு அனுப்பினா விக்கிற விலையை விட உங்க ரயில் வாடகை அதிகம். கதிரை அடுப்புல போடப் போட எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அன்னைக்கே ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம், என்ன ஆனாலும் இந்தச் சட்டம் வராம விடுறதில்லைன்னு.

— கேட்க எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கடியாரத்தைப் பாருங்கம்மா. ஓட்டெடுப்பு முடிஞ்சிருக்கும். இனி வண்டி கிளம்பலாம்.

— நிச்சயமா முடிஞ்சிருக்குமா?

— சத்தியமா. இப்பவாவது எழுப்புங்க, கையில ஒரு சுருட்டைக் கொடுத்துட்டுப் போறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம்.

— நீங்களே போர்வையை விலக்குங்க.

— பூட்ஸைக்கூட கழட்டாம... என்னம்மா இது? வெறும் பூட்ஸ்! மூட்டை! ஆர்வில் எங்க?

— முந்தாநாளே குதிரை வண்டியில கிளம்பிட்டார். இந்நேரம் ஓட்டுப் போட்டுட்டு சூடா சாப்பிட்டுட்டு இருப்பார். மூட்டைக்குள்ள இருக்கிறது சோளம், ஐயா. உங்க ரயில்ல எங்க சோளம் வாடகை இல்லாம வந்தது இதுதான் முதல் தடவை.